சின்ன மணிக்கூட்டைச் செயினோடு வைத்திருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் பழைய கைமணிக்கூடுகள் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். ரோலெக்ஸ், ஒமேகா போன்ற பெரிய பெயர்களைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசிப் பந்தியில் வாசகர்களுக்கு ஓர் ஆலோசனையும் இருந்தது. சிறிய அளவு மணிக்கூடுகள் பெண்களுக்கானவை, அவற்றைச் சேர்ப்பதில் பயனில்லை, விற்பதானால் பழைய செயினைக் கழற்றிவிட்டுப் புதுத் தோல் பட்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று. அதை வாசித்துவிட்டு எங்கள் பகுதியில் ஒருவர் தன் தாயாரின் மணிக்கூட்டுச் செயினைக் கழற்றிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் திருகோணமலையில் பிறந்து, தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சின்ன மணிக்கூடுகளையும், அவற்றோடு அந்தக் காலத்திலேயே கட்டப்பட்ட செயின்களையும் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். விற்பதற்காகச் சேர்க்கவில்லை. மாறி மாறிக் கட்டுவதற்காகச் சேர்க்கிறேன்.

முதலில் அளவு. இன்று கடைகளில் ஆண்களுக்கென்று வைத்திருக்கும் மணிக்கூடுகள் பெரும்பாலும் 40 மில்லிமீற்றருக்கு மேல். 44, 45 கூட இருக்கின்றன. 1940களிலும் 50களிலும் ஆண்கள் கட்டியது 30 முதல் 35 மில்லிமீற்றர் வரையான மணிக்கூடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவம் தன் ஆட்களுக்குக் கொடுத்த சுவிஸ் மணிக்கூடுகள் பலவும் 30 மில்லிமீற்றரை ஒட்டியவைதான். போர் முடிகிற 1945 இல் பன்னிரண்டு சுவிஸ் கம்பனிகள் ஒரே விதிப்படி செய்துகொடுத்த இராணுவ மணிக்கூடுகள் கொஞ்சம் பெரியவை. அவையும் 35 முதல் 38 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். முதுகில் மேல்நோக்கிய அம்புக்குறி பொறித்த அந்த மணிக்கூடுகளைத்தான் இன்று உலகம் முழுவதும் சேர்ப்பவர்கள் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். சண்டைக்குப் போன ஆண்கள் கட்டிய அளவு, இன்றைக்கு ஒரு கட்டுரையில் பெண்கள் அளவாகிவிட்டது.

இதைத் திருகோணமலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை ஆங்கிலேயர் இங்கேயே இருந்தார்கள். டொக்யார்ட்டில் வேலை செய்த நம்மவர்களும் ஆயிரக்கணக்கில். சங்கு ஊதும் நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மணிக்கூடு வாங்கியவர்கள் அவர்கள். என் அப்பா அங்கே பிற்றராக இருந்தார். கூட வேலை செய்தவரிடம் ஒரு சைமா மணிக்கூட்டைப் பாவித்த விலைக்கு வாங்கினார். விட்டம் 31 மில்லிமீற்றர். நொடி முள் தனியாக ஆறு மணி இடத்தில் ஒரு குட்டி வட்டத்துக்குள் சுற்றும். நான் சொன்ன பன்னிரண்டு கம்பனிகளில் சைமாவும் ஒன்று. அப்பாவுடையது இராணுவத்துக்கானதல்ல, கடையில் விற்ற சாதாரண ரகம். ஸ்பானர் பிடித்துத் தடித்துப்போன அந்தக் கையில் அந்த மணிக்கூடு சின்னதாக இருக்கிறதென்று வீட்டிலோ வெளியிலோ ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் மணிக்கூடு அந்த அளவுதான்.

அம்மாவுடையது ரோமர். சொலொத்தூர்ன் நகரத்துக் கம்பனி. பொறிக்குள் தேய்மானத்தைக் குறைக்கும் பதினேழு கல், கையால் சாவி கொடுப்பது, பெரியவர் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். வெள்ளி நிற முகப்பில் எண்கள் இல்லை, மெல்லிய கோடுகள் மட்டும். இழுத்தால் விரிகிற செயின். அம்மா அதைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கட்டினார். அம்மாவுக்குப் பிறகு நான் வேலைக்கே கட்டிப்போனேன். நாடித்துடிப்பு எண்ணுவதற்குத்தான் அதில் நொடி முள் இல்லாமல் கஷ்டமாக இருந்தது. அதற்காகவே நடுவில் நொடி முள் வைத்த சிறிய சீக்கோ ஒன்றைத் தேடி வாங்கினேன். சேர்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

இரவு வேலை செய்த எந்தத் தாதியையும் கேட்டுப் பாருங்கள். பாரமான மணிக்கூடு கையில் இருந்தால் விடியற்காலையில் அது தனியாகத் தெரியும். நோயாளியைத் திருப்பும்போது உரசும், கட்டில் கம்பியில் இடிபடும். சிறிய மணிக்கூடு மணிக்கட்டு எலும்புக்கு மேலே தட்டையாகப் படுத்திருக்கும். கையை மடக்கும்போது சாவிக் குமிழ் புறங்கையில் குத்தாது. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறபோது மட்டும் இருக்கிறது என்று தெரியும். இந்தச் சுகத்துக்காகவே நான் சின்ன மணிக்கூடுகளை விரும்புகிறேன். விலையும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

உள்ளே இருக்கிற வேலைப்பாடு வேறு. அந்தக் காலத்து மணிக்கூடுகளில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 தரம் அடிப்பவை. நொடிக்கு ஐந்து. பெரிய மணிக்கூடோ சின்னதோ, இந்தக் கணக்கைத் தவறாமல் வைத்திருக்க வேண்டும். சின்னதில் ஊசலாடுகிற சக்கரமும் சின்னது. ஒரு தூசியும் ஒரு துளி கூடுதல் எண்ணெயும் அதைக் குழப்பிவிடும். ஆகவே அதைச் செய்தவருக்கும் திருத்துபவருக்கும் கை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். ஜெகர் லெகுல்த் கம்பனி 1929 இல் செய்த 101 என்ற பொறி ஏறத்தாழ ஒரு கிராம் எடை. எலிசபெத் மகாராணி 1953 முடிசூட்டு விழாவில் கட்டியிருந்தது அந்தப் பொறி வைத்த மணிக்கூட்டைத்தான். பெண்கள் மணிக்கூடு என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனிச் செயினுக்கு வருகிறேன். என் கடிதத்தின் முக்கிய விஷயமே இதுதான்.

பட்டி மாட்டுகிற காதுகளுக்கு இடையில் உள்ள இடைவெளி இன்று பெரும்பாலும் 20 அல்லது 22 மில்லிமீற்றர். ஆண்களுக்கான பழைய சின்ன மணிக்கூட்டில் அது 16. அங்குலக் கணக்கில் எட்டில் ஐந்து. பெண்களுடையதில் அதையும்விடக் குறைவு. கடைக்குப் போனால் அந்த அளவுக்குப் பொருந்துகிற நல்ல செயின் கிடைக்காது. பிளாஸ்ரிக் மாதிரியான ஒரு பட்டியைத் தருவார்கள், அல்லது 18 மில்லிமீற்றர் பட்டியின் ஓரத்தைச் செதுக்கிச் செருகுவார்கள். அந்தக் காலத்துச் செயின் ஒன்று போனால் போனதுதான். மணிக்கூட்டின் பொறிக்கு உதிரிப் பாகம் இன்னொரு பழைய மணிக்கூட்டிலிருந்து எடுக்கலாம். செயின் அப்படிக் கிடைப்பது அரிது, ஏனென்றால் எல்லோரும் முதலில் வீசுவது அதைத்தான்.

வகைகளும் எத்தனையோ. 1930களில் வந்த பொன்கிளிப் என்ற பிரித்தானியச் செயின், மெல்லிய எவர்சில்வர் பட்டைகளைக் குறுக்கே அடுக்கி மூங்கில் தட்டி போல இருக்கும். கருவி எதுவும் வேண்டாம். கொக்கியை எந்தப் பட்டையில் மாட்டுகிறோமோ அதுதான் அளவு. வெயிலில் கை வீங்கினால் ஒரு பட்டை தள்ளி மாட்டலாம். பிரித்தானியப் படையினர் பலர் இதைக் கட்டினார்கள். வியர்வையில் தோல் பட்டி ஊறிப் பிய்ந்துபோகிற வெப்ப நாடுகளுக்கு இது எவ்வளவு தோதானது என்று கட்டிப் பார்த்தால் விளங்கும். அடுத்தது அரிசிமணிச் செயின். நடுவில் சின்னச் சின்ன அரிசிமணிகளை வரிசையாகக் கோர்த்த மாதிரி, இரு ஓரத்திலும் கொஞ்சம் பெரிய இணைப்புகள். ஜெனீவாவின் கே பிறேர் என்ற பட்டறை இதில் பேர்போனது. 1835 இல் தொடங்கியது. பெரிய கம்பனிகள் பலவற்றுக்கும் செயின் செய்துகொடுத்தது. 1998 இல் ரோலெக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அவர்களுடைய செயின்களின் கொக்கிக்கு உட்புறத்தில் எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று எண் குத்தியிருப்பார்கள். ஆகவே மணிக்கூடும் செயினும் ஒன்றாகப் பிறந்தவையா என்று ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் கண்டுபிடிக்கலாம்.

நம் வீடுகளில் கூடுதலாக இருப்பது இழுத்தால் விரிகிற வகை. ஜேர்மனியில் போர்ட்ஸ்ஹைம் நகரத்து ரோவி கம்பனியின் பிக்ஸோபிளெக்ஸ், அமெரிக்காவில் ஸ்பைடல் கம்பனி 1959 இல் விற்பனைக்கு விட்ட ட்விஸ்ற்-ஓ-பிளெக்ஸ், அவற்றைப் பார்த்து யப்பானிலும் ஹொங்கொங்கிலும் செய்தவை. மலிவானவை என்று பலர் இவற்றை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நகரத்தில் பிரதான வீதிப் பக்கம், நானா என்று நாங்கள் அழைக்கும் ஒரு முஸ்லிம் அண்ணர் மணிக்கூடு திருத்துகிறார். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் கடை. அம்மாவின் ரோமரைச் செயின் தொளதொளக்கிறதென்று அவரிடம் கொண்டுபோனேன். "புதுச் செயின் போடச் சொல்லாதீங்க மிஸ்ஸி, இதைச் சின்னதாக்கித் தாறன்" என்றார். ஒற்றைக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு செயினைக் குப்புறப் போட்டார். விரிந்த செயினை உள்ளிருந்து பார்த்தால் அது ஒரு வரிசை அல்ல, இரண்டு வரிசை. மேல் வரிசைப் பெட்டிகளையும் கீழ் வரிசைப் பெட்டிகளையும் ஓரத்தில் 'ப' வடிவக் குட்டிக் கம்பிகள் இணைக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தட்டையான ஸ்பிரிங் தகடு. நாம் இழுக்கும்போது பெட்டிகள் சரிந்து விலகும். விட்டவுடன் ஸ்பிரிங் அவற்றைத் திரும்ப நிமிர்த்தும். நானா ஒரு மெல்லிய கத்தி நுனியால் ஓரத்து மடிப்பை நிமிர்த்தி, 'ப' கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தார். ஒரு கண்ணி கழன்று மேசையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மிச்சத்தைச் சேர்த்து, கம்பியைத் தள்ளி, மடிப்பை அமுக்கிவிட்டார். ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை. எடுத்த இரண்டு கண்ணிகளையும் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, "இதையும் மணிக்கூட்டோட வையுங்க, மகளுக்கு ஒரு நாள் தேவைப்படும்" என்று கையில் தந்தார்.

மலிவான பொருள் என்று சொல்லப்படுகிற ஒன்றை இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். கொக்கி இல்லாததால் கொக்கி உடையாது. கை நழுவிக் கிணற்றில் விழுமென்ற பயமும் குறைவு. ஒரு கையால் கழற்றலாம். கை கழுவுவதற்கு அடிக்கடி மேலே தள்ளிவிட வேண்டிய எங்கள் வேலைக்கு இதைவிட வசதியானது வேறில்லை. மயிரைப் பிடித்து இழுக்கும் என்று ஆண்கள் முறையிடுவார்கள், அது உண்மைதான். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு வகை, தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள். இன்றைய செயின்களில் கண்ணி ஒவ்வொன்றும் திடமான எவர்சில்வர் கட்டி. அதைக் கொண்டுபோய் 31 மில்லிமீற்றர் மணிக்கூட்டில் மாட்டினால் செயின் பாரத்தில் மணிக்கூடு ஒரு பக்கம் புரண்டுகொண்டே இருக்கும். மடித்த தகட்டுச் செயின் லேசு. கையை ஆட்டினால் மெல்லக் கிலுகிலுக்கும். மணிக்கூட்டின் பாரமும் செயினின் பாரமும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். அந்தக் காலத்தில் இரண்டையும் பார்த்துத்தான் செய்தார்கள். அதனால்தான் செயினை மாற்றாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சின்ன மணிக்கூடுகள் நம் ஊரில் எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதையும் யோசித்துப் பார்க்கிறேன். 83 இலும் 90 இலும் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பவுணைத்தான் முடிச்சில் கட்டிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் காப்பும் சங்கிலியும் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின, விற்றுத் தீர்ந்தன. கையில் கட்டியிருந்த எவர்சில்வர் மணிக்கூட்டை அடகுக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விலை போகாததால் அது கையிலேயே இருந்துவிட்டது. மண்டபம் முகாமுக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தில், போகும்போது இருந்த பொருட்களில் திரும்பி வந்தது மாமியாரின் குட்டி மணிக்கூடு மட்டும்தான். அதை எனக்குக் காட்டினார்கள். விரிகிற செயின், நாலைந்து இடத்தில் ஸ்பிரிங் தளர்ந்து பல்லிளிக்கிறது. விற்பீர்களா என்று நான் கேட்கவில்லை. செயினை மாற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு நானாவின் கடைக்கு உப்புத் தண்ணீர் குடித்த மணிக்கூடுகள் வந்துகொண்டே இருந்தன. கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் தன் கணவருடையதைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே எஃகாலான பாகங்கள் எல்லாம் துரு. மயிரிழை ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. பொறிக்கு இனி வழியில்லை என்று நானா சொன்னார். ஆனால் செயின் எவர்சில்வர். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மெல்லிய பிரஷ்ஷால் துலக்கத் துலக்க, கண்ணிகளுக்கு இடையிலிருந்து மணல் வந்துகொண்டிருந்தது. அதே இடைவெளியுள்ள வேறொரு மணிக்கூட்டில் அதை மாட்டிக் கொடுத்தார். இன்று மகன் கட்டுகிறார். தகப்பனின் கையில் பட்டு மழுங்கிய பக்கம் இன்று மகனின் தோலில் படுகிறது. செயினுக்கு மதிப்பில்லை என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ஒன்றைத்தான் காட்ட விரும்புகிறேன்.

பவுண் நிறச் செயின்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பவுண் விலை ஏற ஏற, வீட்டிலுள்ள மஞ்சள் நிற மணிக்கூட்டையும் செயினையும் உருக்கக் கொண்டுபோகிறார்கள். பழைய மணிக்கூடுகளில் பெரும்பகுதி ரோல் கோல்ட் அல்லது முலாம். மூடியில் 20 மைக்ரோன் என்று பொறித்திருந்தால், பவுணின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. அடியில் இருப்பது பித்தளை போன்ற வேறு உலோகம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நல்ல நிலையிலிருந்த செயினை நகரத்துக் கடையொன்றில் கொடுத்தார். உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, அமிலம் விட்டு, முறித்தும் பார்த்துவிட்டு, பவுண் இல்லை என்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணமும் கிடைக்கவில்லை, செயினும் போயிற்று. தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள்.

நம்முடையது கடல் காற்று ஊர். மணிக்கூட்டின் மூடியில் எவர்சில்வர் என்று எழுதியிருந்தால் முழுவதும் எவர்சில்வர் என்று நினைக்க வேண்டாம். பலவற்றில் மூடி மட்டும்தான் அப்படி. உடல் குரோம் பூசிய பித்தளை. காதோரத்தில் குரோம் உரிந்து பச்சை பூக்கும். வியர்வையும் உப்பும் அதைச் சீக்கிரம் தின்னும். கட்டிக் கழற்றியதும் ஈரமில்லாத பருத்தித் துணியால் துடையுங்கள். செயினை மணிக்கூட்டிலிருந்து கழற்றித் தனியாகக் கழுவுங்கள். தண்ணீர் மணிக்கூட்டுப் பக்கம் போகக் கூடாது. கழுவிய செயின் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டவேண்டும். செயின் நீண்டு தொங்குவது எவர்சில்வர் இழுபட்டு நீள்வதால் வருவதில்லை. கண்ணிகளுக்குள் போன மணலும் அழுக்கும் ஊசிகளை அராவித் தேய்ப்பதால் வருவது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலில் புரண்டு விளையாடிவிட்டு அப்படியே அலுமாரியில் வைத்தால் கட்டாயம் நீளும். மாரி காலத்தில் அலுமாரிக்குள் ஈரம் பிடிக்கும், முகப்பில் புள்ளி விழும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதி ஒன்றைக் கூட வையுங்கள்.

தாதியாக இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1960களுக்கு முன் வந்த, இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள மணிக்கூடுகளில் ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருளைப் பூசியிருப்பார்கள். ஒளி எப்போதோ மங்கியிருக்கும். கூடச் சேர்த்த ஒளிரும் பொடி கருகிப்போனதால் வந்த மங்கல் அது. ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டு ஆகும். ஆகவே ஒளிரவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று எண்ணக்கூடாது. வீட்டில் மூடியைத் திறப்பது, எண்களைச் சுரண்டுவது, முகப்பைத் துடைப்பது வேண்டாம். அந்தப் பொடி மூச்சோடும் வாயோடும் உள்ளே போவதுதான் கெடுதல். பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம். பல இருந்தால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள், படுக்கை அறையில் வேண்டாம். முகப்பின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் 'ரி' (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியத்துக்குப் பிறகு வந்த திரிதியம் என்ற கதிர்வீச்சுப் பொருள். அதன் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுதான், பயம் குறைவு. நான் கட்டுவது பெரும்பாலும் ஒளிராத முகப்புகள்.

சேர்க்க விரும்பும் இளையவர்களுக்கும் இரண்டு சொல். மும்பைப் பக்கமிருந்து, முகப்பில் புதிதாகப் பளிச்சென்று நிறம் பூசி, பழைய சுவிஸ் பெயரை அச்சடித்து விற்கிற மணிக்கூடுகள் நிறைய வருகின்றன. எழுத்துகளை உருப்பெருக்கிப் பாருங்கள். கோணலாக இருக்கும், கோடுகள் தடித்திருக்கும். மங்கிய பழைய முகப்பு அதைவிட எவ்வளவோ மேல். வெளிநாட்டுச் சாமானைத் தேடுவதற்கு முன், உங்கள் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியைப் பாருங்கள். எழுபது எண்பதுகளில் குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் மனைவிக்கும் தங்கைக்கும் கொண்டுவந்த சீக்கோ, சிற்றிசன் குட்டி ஒட்டோமற்றிக்குகள், கை அசைவிலேயே சாவி ஏறுபவை, அங்கே இருக்கும். செயின் அசலாகவே இருக்கும், ஏனென்றால் மாற்ற யாருக்கும் நேரம் இருந்ததில்லை. சீக்கோவின் முதுகிலுள்ள தொடரெண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்று மட்டும் மாதிரி எண்ணையும் குடும்பக் கதையையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். கதையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவர் இருக்கும்போதே கேளுங்கள்.

பற்றரி மணிக்கூடு வந்ததோடு இதெல்லாம் முடிந்தது என்பார்கள். சீக்கோ 1969 டிசம்பர் 25 இல் முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது உண்மை. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்குள் சுவிற்சர்லாந்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் உண்மை. ஆனால் அம்மாவின் ரோமர் இன்றும் காலையில் சாவி கொடுத்தால் அடுத்த நாள் விடியும்வரை ஓடுகிறது. பற்றரிக்காகக் கடையைத் தேட வேண்டியதில்லை. அதற்குச் சாவி கொடுக்க ஒரு ஆளும், வருஷங்களுக்கு ஒருமுறை எண்ணெய் போட நானாவைப் போல ஒருவரும் இருந்தால் போதும். நானாவுக்கும் வயதாகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பழக ஒரு பிள்ளையும் வரவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. தொழிற்பயிற்சி நடத்துகிறவர்கள் இந்த வேலையையும் பாடமாக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு மலரில் வாசகர்கள் வீட்டுப் பழைய சின்ன மணிக்கூடுகளின் படங்களைக் கேட்டு வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். செயினோடு எடுத்த படமாக இருக்கட்டும். பெயர், கம்பனி, விலை எதுவும் முக்கியமில்லை. யார் கட்டியது, என்ன வேலைக்குப் போகும்போது கட்டியது என்ற இரண்டு வரி இருந்தால் போதும். முதல் வாரத்துக்கு அப்பாவின் சைமாவின் படத்தை நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
உவர்மலை, திருகோணமலை.